நான்காவது மாடிக்கு வழி

கே: வாய் திறந்தாலே ஒருவரின் அந்தஸ்து தெரிந்துவிடுமாமே?

ப: வேலை செய்யும் கடையின் அந்தஸ்துகூடத் தெரியும்! 1962இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று கடைகளுக்குப் போனார்: விலை கூடிய சாக்ஸ், நடுத்தரமான மேசிஸ், மலிவான க்ளைன். நான்காவது மாடியில் உள்ள பொருளை ஊழியர்களிடம் விசாரிப்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காதில் விழாததுபோல் மறுபடி கேட்பார். ‘ர்’ ஒலிக்கிறதா என்பதே அவருக்கு வேண்டும். சாக்ஸில் 62 சதவீதம் பேர் ஒரு முறையாவது ஒலித்தார்கள். க்ளைனில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். மேசிஸ்தான் எனக்குப் பிடித்த இடம்: இரண்டாம் முறை அழுத்திச் சொல்லும்போது அங்கே ‘ர்’ கணிசமாகக் கூடியது. உயர வேண்டும் என்ற ஆசை நாக்கில் வந்து நிற்கிறது, பாருங்கள்! ‘ர்’ஐ விழுங்குபவரைக் கொச்சை என்பது அநியாயம். லண்டன் மேட்டுக்குடியினரும் விழுங்குகிறார்கள். அங்கே அதுதான் கௌரவம்.