தானாக வந்த கன்றுக்குட்டி

உலகத்திலேயே சுலபமாகச் சிலை வார்த்தவர் ஆரோன்தான். மூலப்பொருள்: ஊராரின் காதணிகள். செய்முறை: நெருப்பில் போட்டார், கன்றுக்குட்டி வெளியே வந்தது. தம்பி மோசேயிடம் அவர் கொடுத்த வாக்குமூலம் இதுதான். வேதாகமத்தில், யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

கும்பகோணத்தில் பஸ் ஏறி, சுவாமிமலையில் ஏதாவது ஒரு சிலைப் பட்டறையில் இதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கி, எண்ணெய் விட்டு, முதலில் மெழுகில் உருவம் பிடிப்பார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு பார்ப்பார்கள். காவிரி வண்டலைக் குழைத்துப் பூசி நிழலில் காயவைத்து, அதன்மேல் மணல் கலந்த மண் அப்பி, கம்பி கட்டி, சூடு காட்டி மெழுகை வடிப்பார்கள். உலோகம் ஊற்றுவது அப்புறம்தான். ஆறியதும் மண்ணை உடைத்து, அராவி, உளி பிடித்து உட்கார்ந்தால் எப்போது எழுந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. "போட்டேன், வந்துச்சு" என்றால் உலை ஊதுகிற பையனே சிரிப்பான்.

வேதம் சிரிக்கவில்லை, இருபது வசனம் முன்னாலேயே, ஆரோன் கருவியும் கையுமாக அதை உருவாக்கியதைக் குறித்து வைத்துவிட்டது. பலிபீடம் கட்டி, "நாளைக்குப் பண்டிகை" என்று தண்டோரா போட்டவரும் அவரே.

நடந்தது இவ்வளவுதான். சீனாய் மலைக்குப் போன மோசே நாற்பது நாள் இறங்கவில்லை. கீழே இஸ்ரவேல் ஜனங்களுக்குப் பொறுமை போய், "எங்களுக்கு ஒரு சாமி பண்ணிக் கொடுங்க" என்றார்கள். "முடியாது" என்று சொல்ல ஆரோனுக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும் எகிப்து ராஜா பார்வோன் முன்னால் மோசேக்காகப் பேசிய வாய் அது.

மோசே இறங்கினார். கடவுள் கட்டளைகளை எழுதிக் கொடுத்த கற்பலகைகள் உடைந்தன. கன்றுக்குட்டியை எரித்து, அரைத்து, தண்ணீரில் தூவி, கும்பிட்டவர்களையே குடிக்க வைத்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். மூன்று வயது மூத்தவர் சட்டென்று மரியாதைக்குத் தாவினார்: "ஐயா கோபப்படக் கூடாது. இந்த ஜனங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?" முதல் குற்றவாளி ஜனங்கள். இரண்டாவது, நேரத்துக்கு வராத மோசே. மூன்றாவது நெருப்பு. பட்டியலில் ஆரோன் பெயர் மட்டும் இல்லை. இந்தக் குற்றத்துக்காக அன்றைக்கு வெட்டுண்டு செத்தவர்களோ ஏறக்குறைய 3,000 பேர்.

மறுநாள் மோசே மறுபடி மலையேறினார். இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பேரை அடித்துவிடும் என்று கடவுளிடமே மல்லுக்கு நின்றார். செய்தவர் நழுவினார், செய்யாதவர் கழுத்தை நீட்டினார். இயேசுவின் சிலுவையில் பின்னால் நடக்கப்போவதன் சாயல் இங்கேயே விழுந்துவிட்டது.

அதற்காக ஆரோனைச் சும்மா விட்டுவிடவில்லை. அவரையே பிரதான ஆசாரியராக்கிய பிறகு, லேவியராகமம் 9-ஆம் அதிகாரத்தில் அவருக்கு விழுந்த முதல் வேலை, தன் சொந்தப் பாவத்துக்குப் பலி கொடுப்பது. என்ன மிருகம் என்கிறீர்கள்? கன்றுக்குட்டி. யார்மேலும் பழி போடாமல் ஆரோன் தன் கையாலேயே அறுத்தார். அவர் கணக்கு தீர்ந்த பிறகுதான், ஜனங்களின் பலியைத் தொடவே அனுமதி கிடைத்தது.