18 மாத அக்கறை

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் மேல் தென்னாப்பிரிக்க அரசுக்கு உள்ள அக்கறையைக் குறை சொல்லவே முடியாது. பிறந்ததும் ரத்தம் எடுக்கிறது. 10ஆம் வாரம் எடுக்கிறது, 6ஆம் மாதம் எடுக்கிறது, 18ஆம் மாதம் இன்னொரு முறை. தொற்று இல்லையா? பதிவேட்டில் ஒரு கோடு. தாயே, நீ போகலாம். அமைச்சர் மாநாட்டு மேடையேறி, தொற்று சரிந்து இறங்கும் வரைபடத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொள்வார்.

குழந்தைக்குத்தான் அலுவலக நேரம் தெரியவில்லை. கோப்பை மூடி ஆறு மாதம் கழித்து, 24ஆம் மாதத்தில் போய்ப் பேச்சில் பின்தங்குகிறது!

கேப் டவுனுக்குப் பக்கத்தில் பார்ல் என்னும் ஊர். அங்கே நடக்கும் டிரேக்கன்ஸ்டீன் ஆய்வு, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாய் வயிற்றிலிருந்தே கவனித்து வருகிறது. ஐந்தில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. உள்ள தாயின் பிள்ளை. அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே தொற்றில்லாமல் பிறந்தவர்கள். ஆனாலும் இரண்டு வயதில் சொன்னதைப் புரிந்துகொள்வதிலும் திருப்பிப் பேசுவதிலும் மற்றப் பிள்ளைகளைவிடப் பிந்தியவர்கள் இவர்களில் அதிகம் என்று 2019இல் அறிவித்தார்கள். பிறந்த சில வாரங்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களிலேயே மூளையின் சாம்பல்நிறப் பொருள் சற்றுக் குறைவு. தாயின் நோயெதிர்ப்பு அணுக்கள் குறைந்திருந்தால் குழந்தையிடம் அந்தக் குறை இன்னும் கூடுதல். பெரிய வித்தியாசமில்லை, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம், சரி. தலைக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

'பார்த்தீர்களா, எல்லாம் கர்ப்பத்தில் தாய் தின்ற எச்.ஐ.வி. மருந்து செய்த வேலை' என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். கிளம்பட்டும். அந்த ஞானிகளைத் தென்னாப்பிரிக்கா நாற்காலியில் உட்காரவைத்தே பார்த்துவிட்டது. தாபோ உம்பெகி குடியரசுத் தலைவராக இருந்தபோது, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்று ஐயப்பட்டார். சுகாதார அமைச்சர் மாண்டோ ஷபலாலா-ம்சிமாங் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் பரிந்துரைத்தார். பிள்ளைக்குத் தொற்றாமல் காக்கும் நெவிரப்பின் மருந்தை இலவசமாகத் தருகிறோம் என்று கம்பெனியே முன்வந்தும் அரசு கை நீட்டவில்லை. 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் காதைத் திருகித்தான் கொடுக்க வைத்தது. அந்தத் தாமதத்தில் போன உயிர்கள் 3,30,000-க்கு மேல், தொற்றோடு பிறந்த குழந்தைகள் 35,000 என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். பீட்ரூட்டின் விலை இவ்வளவு என்று அதற்கு முன் யாருக்குத் தெரியும்?

பார்லுக்கு இன்னொரு புகழும் உண்டு: திராட்சை மது. தோட்டக் கூலியில் ஒரு பங்கை மதுவாகவே அளந்து ஊற்றினார்கள் முதலாளிகள். சட்டம் தடுத்த பிறகும் 1990கள் வரை இது தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்படும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் பார்ல் இருக்கும் மாகாணமும் ஒன்று. புட்டிகள் ஐரோப்பாவுக்குப் போயின, பதக்கம் வாங்கின. இன்று அந்தத் தோட்டக் கூலியின் பேத்தியிடம் கிளினிக்கில் கேள்வி: 'கர்ப்பத்தில் குடித்தாயா?' அவள் பாட்டிக்கு ஊற்றிக் கொடுத்தவனிடம் அப்படியொரு படிவத்தை யாரும் நீட்டவில்லை. வறுமை, பசி, தாயின் மனச்சோர்வு, வீட்டுக்குள் அடி உதை எல்லாமே பிள்ளையின் மூளையைத் தொடுகின்றன. ஆனால் இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை இல்லை, ஆகவே பதிவேட்டில் கட்டமும் இல்லை.

அடுத்து வாஷிங்டன் பெருமான். 2003இல் தொடங்கிய எச்.ஐ.வி. நிதியைத் தன் வள்ளன்மை என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடிக்கொண்டவர், 2025 ஜனவரியில் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை உறையவைத்தார். தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். தாய்மாரைத் தேடிப் பிடித்து மருந்தைத் தொடரவைத்தவர்களும் அவர்களில் உண்டு. தாயின் உடம்பு தேறினால் பிள்ளையின் மூளைக்கும் நல்லது என்று அறிவியல் சொன்ன நேரம் பார்த்து இந்தச் சிக்கனம்.

உலகம் முழுக்க இப்படித் தொற்றின்றித் தப்பிய பிள்ளைகள் ஒன்றரைக் கோடிக்கு மேல். 18 மாதத்தோடு விட்டுவிடலாம். பேச்சு பிந்திய பிள்ளைகளாயிற்றே, யாரிடம் போய்ப் புகார் சொல்லப்போகிறார்கள்?