மஞ்சளைக் கண்டால் பதறும் விரல்

கேள்வி: வில்வித்தை பழகுகிறேன். குறி மஞ்சள் வட்டத்தைத் தொடும் முன்பே விரல் தானாக நாணை விட்டுவிடுகிறது. தோளும் வெட்டி இழுக்கிறது. வில்லை மாற்றிவிடலாமா?
– வாசகர், பீளமேடு, கோவை

பதில்: வில் மேல் பழி போடாதீங்க. மஞ்சளுக்கே பேர்போன ஈரோடு பக்கத்தில் இருக்க, உங்கள் விரலுக்கு மட்டும் மஞ்சளைக் கண்டால் நடுக்கம்! இதை 'டார்கெட் பேனிக்' என்பார்கள். தேர்ந்த வில்லாளிகளையும் பிடிக்கும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கின் அகலம் 122 செ.மீ.; பத்துப் புள்ளி வட்டமோ 12.2 செ.மீ.தான். பதறாமல் என்ன செய்யும்? 'இதோ மஞ்சள்' என்று கண் சொன்னதும் 'விடு' என்று விரல் கேட்டுக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும்.

கொஞ்ச நாள் இலக்குத் தாளைக் கழற்றி வையுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, வெறும் மெத்தைக்கு மிக அருகில் நின்று, கண்ணை மூடி எய்யுங்கள். முதுகுத் தசை இறுகுவது, நாண் தாடையில் பதிவது, விரல் நழுவுவது, இவ்வளவுதான் கவனம். பிறகு தாளை மாட்டி, நாணை இழுத்து, மஞ்சளில் குறியை நிறுத்தி, எய்யாமலே இறக்குங்கள். அதுதான் கஷ்டம், மருந்தும் அதுதான். அப்புறம் 5 மீட்டர், 10 மீட்டர் என்று பின்வாங்கலாம். வில் கனமாக இழுத்தால் இலேசானதுக்கு மாறுங்கள்.

யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்ததாகப் புறநானூறு புகழும் வல்வில் ஓரி நம் கொல்லிமலைக்காரர். எதைக் கண்டும் அவர் விரல் பதறவில்லை. ஆடிப் பதினெட்டை ஒட்டி அங்கே நடக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாங்க.