சீட்டைக் காட்டுங்கள், சார்!
அடகுக் கடைக்காரர்கூடச் சீட்டு இல்லாமல் மோதிரத்தைத் திருப்பித் தரமாட்டார். ஆனால் அமெரிக்காவில் கடன் வசூலிக்க வருபவரிடம் ‘சீட்டு எங்கே?’ என்று கேட்டால் அது ஏதோ மரியாதைக் குறைவு போல முகம் சுளிக்கிறார்கள். இத்தனைக்கும் 1977-ஆம் ஆண்டுச் சட்டமே அந்தக் கேள்விக்கு இடம் தருகிறது: வசூல் நிறுவனத்தின் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்தால், சான்று அனுப்பும்வரை அது வசூலை நிறுத்தி வைக்க வேண்டும். கேட்பதில் நியாயமும் உண்டு. பழைய கடன்கள் அங்கே மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு டாலர் கடனின் சராசரி விலை 4 சென்ட். காசுக்கேற்ற தோசை: பெயரும் தொகையும் வரும், மூலப் பத்திரம் பெரும்பாலும் வராது.

‘கடன் வாங்கியவர் கட்டாமல் நழுவத்தானே இந்தச் சாக்கு?’ எனலாம். சிலர் நழுவப் பார்ப்பார்கள்தான். ஆனால் சான்று கேட்டதால் உண்மைக் கடன் கரைந்துவிடாது. தாளைக் காட்டியதும் வசூல் தொடரும். தடுமாறுவது தாளில்லாத கடன் மட்டுமே. அதற்காக வருந்துகிறவர், 4 சென்ட்டுக்கு வாங்கிய மிரட்டலை முழு டாலருக்கு விற்கப் பார்த்தவராகத்தான் இருப்பார்.