எம் மெஷின்ல ஓடுதே!

ஏலே பேராண்டி, போனக் காதுல வச்சுக்கிட்டு ராவெல்லாம் "எம் மெஷின்ல ஓடுதே"ன்னு கத்துதியே, அப்ப உம் மெஷினையே லாரில ஏத்தி அந்த கஸ்டமர் வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதுதான?

தாத்தனுக்கு என்ன தெரியும்னு முழிக்காத. தந்தியாபீஸ்ல டெலிபிரிண்டர் தட்டுன கையி இது. வரி முடிஞ்சா அச்சை இடது ஓரத்துக்கு இழுக்க ஒரு தட்டு, காகிதத்த மேல நகத்த இன்னொரு தட்டு. அந்த மெஷினு பேரீச்சம்பழத்துக்குப் போயி எம்புட்டு காலமாச்சு! விண்டோஸ்காரன் இன்னும் வரிக்கடைசில அந்த ரெண்டு தட்டையும் விடாம போடுதான். லினக்ஸ்காரனுக்கு ஒண்ணு போதும். நீ விண்டோஸ்ல எழுதுன ஸ்கிரிப்ட லினக்ஸ்ல ஓட்டுனா, முத வரிக்கடைசில கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கெடக்க மிச்சத்தையும், ஸ்கிரிப்ட ஓட்டுத 'பாஷ்'ங்க பேரோட சேத்துப் படிச்சுட்டு, அப்படி ஒருத்தன் ஊர்லயே இல்லங்கும். லினக்ஸ் வரிய ஒழுங்காப் பிரிச்சுக்காட்ட நோட்பேடு பழகுனதே 2018லதாம்ல.

ஃபைல் பேருல பெரிய ஆர் போட்ட ரிப்போர்ட்டும் சின்ன ஆர் போட்ட ரிப்போர்ட்டும் லினக்ஸ்ல ரெண்டு ஆளு. விண்டோஸ், மேக் ரெண்டுலயும், நீயா மாத்தாத வரைக்கும், ஒரே ஆளு. மேக்ல ஓடுதுன்னு நீ காலாட்டிக்கிட்டு இருப்ப; லினக்ஸ் சர்வரு ஃபைலே இல்லன்னு கைய விரிக்கும்.

தமிழ்ல பேரு வச்சியோ, கூத்துதான். 'கொ'வ நீ ஒத்த எழுத்தாத்தான் தட்டுவ. மேக்கோட பழைய ஃபைல் சிஸ்டம் ஹெச்எஃப்எஸ் பிளஸ் அதக் 'கெ' தனி, கால் தனின்னு பிரிச்சு வச்சுக்கிடும். அத லினக்ஸுக்குத் தூக்கிட்டு வந்து, அங்க நீ தட்டுன ஃபைலு பக்கத்துல போடு. ஒரே ஃபோல்டர்ல ரெண்டு 'கொழுக்கட்டை', அச்சு அசலா! எதத் திங்க?

மூணுலயும் ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்கதெல்லாம் பழைய பஞ்சாங்கம். ஓட்டிப் பாக்கத்தான் துட்டு குடுத்து ஒரு கஸ்டமர் இருக்காரே, உனக்கு எதுக்குல அந்த வம்பு?

வேற ஒண்ணு சொல்லுதேன், வெளிய விட்றாத. லீவு தராத அந்த மேனேசரு விண்டோஸ்தான வச்சிருக்காரு? லினக்ஸ்ல இருந்து ஏ, யு, எக்ஸ்னு மூணெழுத்துப் பேருல ஒரு ஃபைல உங்க கோடு கெடக்க கிட்ல போட்டுவிடு. டாஸ் காலத்துலயே ஒரு கருவிக்கு ஒதுக்குன பேரு அது. விண்டோஸ்ல இன்னைக்கும் அந்தப் பேருல சாதாரணமா ஃபைல் வைக்க முடியாது. அவரு மல்லுக்கட்டி முடிக்கதுக்குள்ள நீ நம்மூரு கோயில் கொடைக்கு வந்து கறிச்சோறு தின்னுட்டுப் போயிரலாம்.