கடலில்லா ஊரின் கப்பல் கேள்விகள்

இந்த வாரத் தலைப்பு: போர்க்கப்பல் கட்டுவதும் கடலில் இறக்குவதும். கேட்டவர்கள் அனைவரும் தர்மபுரி மாவட்ட வாசகர்கள்.

கேள்வி: நம் மாவட்டத்தில் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. போர்க்கப்பல் பேச்சு நமக்கு எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தர்மபுரி

பதில்: கப்பல் ஓடுவது கடலில், பிறப்பது நிலத்தில். கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஐ.என்.எஸ். விக்ராந்த்’தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய உருக்கை ரஷ்யாவிலிருந்து வாங்கத்தான் முதலில் நினைத்தார்கள். அது கைகூடவில்லை. ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வுக்கூடம் அதற்கென்றே புதிய உருக்கை உருவாக்கியது. பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளில் அது தயாரானது. இந்த ஊர்களில் எதிலும் அலைச் சத்தம் கேட்காது. சுமார் 30,000 டன் உருக்கு அங்கிருந்துதான் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு ஐந்து மையங்கள். அவற்றில் ஓசூரும் உண்டு, சேலமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது யார்? நாம்தான். அதனால் தாராளமாகப் பேசலாம்.

கேள்வி: எங்கள் ஒகேனக்கல் பரிசல் மூங்கில், மிதக்கிறது. அத்தனை இரும்பு எப்படி ஐயா மிதக்கிறது?
– பரிசல் ஓட்டியின் மகன், பென்னாகரம்

பதில்: பரிசலை மிதக்கவைப்பது மூங்கில் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? உள்ளே இருக்கும் காலி இடத்துக்கும் அதில் பங்குண்டு. பரிசல் தன் எடைக்கும் ஏறியவர்கள் எடைக்கும் ஈடான தண்ணீரை ஒதுக்கித் தள்ளும்வரை இறங்கும், பிறகு நின்றுவிடும். 43,000 டன் எடையுள்ள விக்ராந்தும் அதே விதிப்படி 43,000 டன் தண்ணீரை ஒதுக்கிவிட்டு மிதக்கிறது.

ஆனால் மிதந்தால் மட்டும் போதாது, சாயாமல் நிற்க வேண்டும். பரிசலில் யாராவது எழுந்து நின்றால் உங்கள் அப்பா ஏன் அதட்டுகிறார்? ஸ்வீடன் மன்னருக்காகக் கட்டிய ‘வாசா’ போர்க்கப்பலில் அப்படி அதட்ட ஆளில்லாமல் போனது. இரண்டு அடுக்குகளில் 64 பீரங்கிகள், மேல்பாரம் மிகுதி. புறப்படும் முன் 30 ஆட்களைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியதால் சோதனையை நிறுத்தினார்களே தவிர, பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டு வெளியேறும் முன்பே, ஒரு காற்றடிக்குச் சாய்ந்து மூழ்கியது.

கேள்வி: இந்தியா ‘பேட்டில்ஷிப்’ கட்டியிருக்கிறதா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், அரூர்

பதில்: இல்லை. பேட்டில்ஷிப் என்பது கனத்த கவசமும் பெரும் பீரங்கிகளும் கொண்ட ஒரு தனி வகை. பிரிட்டன் 1906 பிப்ரவரி 10 அன்று போர்ட்ஸ்மத்தில் இறக்கிய ‘டிரெட்நாட்’ அந்த வகையின் போக்கையே மாற்றியது. ஜப்பானின் ராட்சசக் கப்பல் ‘யமாட்டோ’வை 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தபோது அந்த வகையின் காலமும் முடிந்தது. சுதந்திர இந்தியா கப்பல் கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஒரு பேட்டில்ஷிப்பில் தமிழர் வியர்வை உண்டு. பெயர் ‘எச்.எம்.எஸ். மலாயா’. 1915 மார்ச்சில் இங்கிலாந்தின் டைன் நதியில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலின் செலவு முழுவதையும் ஏற்றது மலாய்க் கூட்டு மாநிலங்களின் கஜானா. வெள்ளீயமும் ரப்பரும் நிரப்பிய கஜானா அது. அங்கே ரப்பர் பால் வடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். தேர்வில் இந்தக் கேள்வி வராது, இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பலைப் பின்பக்கமாக இறக்குகிறார்களே, ஏன்?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: சரிவு மேடையில் கட்டிய கப்பலுக்குத்தான் அந்த வழக்கம். பின்பகுதி அகன்றது, தண்ணீரைத் தொட்டதும் சீக்கிரம் மிதப்பு கிடைத்துக் கப்பலைத் தாங்கும். கூரிய மூக்கை முதலில் இறக்கினால் அது ஆழமாகப் பாயும். கப்பல் வழுக்கிச் செல்ல அந்தக் காலத்தில் சரிவில் கொழுப்பும் சோப்பும் பூசினார்கள். வேகத்தை அடக்கக் கனத்த சங்கிலிகளையும் கட்டி இழுபடவிடுவார்கள்.

அது சில நொடி வேலை. ஆபத்தும் அந்த நொடிகளில்தான். 1898-ல் லண்டன் பிளாக்வாலில் ‘ஆல்பியன்’ பேட்டில்ஷிப் இறங்கியபோது எழுந்த அலை, வேடிக்கை பார்க்க நின்றவர்களின் மரப்பாலத்தையே பெயர்த்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று பெரிய கப்பல்கள் பலவற்றை உலர் துறையில் கட்டுகிறார்கள். மதகைத் திறந்து தண்ணீர் விட்டால் கப்பல் இருந்த இடத்திலேயே மிதக்கும். பார்க்கப் பரபரப்பு இருக்காது. உயிர்கள் பத்திரமாக இருக்கும். இரண்டாவதுதான் முக்கியம்.

கேள்வி: கப்பல் இறக்கும்போது உடைப்பது தேங்காயா, ஷாம்பெயின் பாட்டிலா?
– பூசைக் கடைக்காரர், காரிமங்கலம்

பதில்: நம் கடற்படையில் உங்கள் கடைச் சரக்குக்குத்தான் மரியாதை. தேங்காய் உடைத்து, அதர்வ வேத மந்திரம் ஓதி இறக்குவார்கள். கப்பலை இறக்கிவைப்பவர் பெண்ணாக இருப்பதும் மரபு. விக்ராந்தை 2013 ஆகஸ்ட் 12 அன்று இறக்கிவைத்தவர், அன்றைய பாதுகாப்பு அமைச்சரின் மனைவி எலிசபெத் ஆண்டனி. மும்பை மசகான் கப்பல்துறையில் 1968 அக்டோபர் 23 அன்று ‘ஐ.என்.எஸ். நீலகிரி’யை இறக்கியபோது, பிரதமரே பெண்: இந்திரா காந்தி. நம் மலையின் பெயர் தாங்கிய அந்தக் கப்பல்தான் சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் ஃபிரிகேட்.

கேள்வி: இறக்கியதும் போருக்குப் போய்விடுமா?
– பள்ளி மாணவர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: போகாது தம்பி. ‘ஐ.என்.எஸ். சென்னை’ மும்பையில் இறங்கியது 2010 ஏப்ரல் 1. கடற்படையில் சேர்ந்தது 2016 நவம்பர் 21. விக்ராந்தின் கீலை, அதாவது அடிப்பகுதியின் நடுத்தண்டை, வைத்தது 2009-ல்; கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பர் 2 அன்று. இறங்கும் நாளில் இருப்பது பெரும்பாலும் உடல்கூடுதான். பிறகு மின்கம்பிகள், குழாய்கள், ரேடார், ஆயுதங்கள் எல்லாம் ஏற வேண்டும். விக்ராந்தில் மட்டும் சுமார் 2,300 அறைகள். துறைமுகத்தில் ஒவ்வொரு இயந்திரமாக ஓட்டிப் பார்த்து, அப்புறம் கடலுக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். இறக்கும் நாள்தான் செய்தித்தாளில் வரும். அதற்குப் பிந்தைய ஆண்டுகள்தான் கப்பலைப் போர்க்கப்பலாக்கும்.

கேள்வி: தமிழ்நாட்டில் போர்க்கப்பல் கட்டுகிறார்களா?
– லாரி ஓட்டுநர், நல்லம்பள்ளி

பதில்: கட்டுகிறார்கள். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் லார்சன் அண்ட் டூப்ரோவின் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கடலோரக் காவல்படையின் ‘விக்ரம்’ வகை ரோந்துக் கப்பல்கள் அங்கே உருவானவை. நீர்மூழ்கி வேட்டைக் கப்பல் ‘அர்னாலா’வும் அங்கேதான் 2022 டிசம்பர் 20 அன்று இறங்கியது. கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. நிறுவனத்தோடு சேர்ந்து கட்டிய கப்பல் அது. 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. அடுத்த முறை எண்ணூர்ப் பக்கம் சரக்கு ஏற்றிப் போனால், வடக்கே திரும்பி ஒரு வணக்கம் போடுங்கள்.

கேள்வி: பழைய போர்க்கப்பல் கடைசியில் எங்கே போகும்?
– பழைய இரும்பு வியாபாரி, மொரப்பூர்

பதில்: உங்கள் தொழிலுக்குத்தான். 1971 போரில் பணியாற்றிய முதல் ‘விக்ராந்த்’தை 2014-ல் உடைத்தார்கள். அதன் உலோகத்தைச் சேர்த்து பஜாஜ் நிறுவனம் ‘வி’ மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. தர்மபுரிச் சாலையில் உங்களை முந்திப்போகும் வண்டியில் ஒரு துளி விக்ராந்த் இருக்கலாம்.

தப்பியவையும் உண்டு. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-ல் இறக்கிய ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’, அதாவது நம் திருகோணமலை, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

கேள்வி: நான் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கிறேன். கப்பல் வேலை எனக்குக் கிடைக்குமா? ‘வெறும் வெல்டிங்தானே’ என்கிறார்கள்.
– மாணவி, கம்பைநல்லூர்

பதில்: ‘வெறும்’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள், மகளே. 1943 ஜனவரியில் அமெரிக்காவில் ‘ஷெனக்டடி’ என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் கடலோட்டச் சோதனையை முடித்துத் துறைமுகத்தில் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. புயலும் இல்லை, எதிரியும் இல்லை. திடீரென்று இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் உருக்கும் குறையுள்ள பற்றவைப்பும் சேர்ந்து செய்த வேலை. அதிலிருந்துதான் உலகம் பாடம் கற்றது. இன்று போர்க்கப்பலின் முக்கிய இணைப்புகளை எக்ஸ்ரேயும் மீயொலியும் கொண்டு சோதிக்கிறார்கள். வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் இணைப்பில் விரிசல் விழும் என்பதால், அதை அடுப்பில் காயவைத்தே எடுக்கிறார்கள். கப்பலில் இருக்கும் அத்தனை பேரின் உயிரும் உங்கள் கை நடுங்காததில் இருக்கிறது.

இரும்பு நமக்குப் புதிதும் அல்ல. 2004 வரை நம் மாவட்டத்தில் இருந்த பகுதியில்தான் மயிலாடும்பாறை இருக்கிறது; அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் பழம்பெருமை யாருக்கும் வேலை தராது, கைத்திறன்தான் தரும். விசாகப்பட்டினம், மும்பை கடற்படைக் கப்பல்துறைகளின் அப்ரண்டிஸ் பள்ளிகளும் கொச்சி கப்பல் கட்டும் நிறுவனமும் ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. அறிவிப்பு வரும்வரை கணக்கையும் அறிவியலையும் தூசி தட்டுங்கள். தலைக்கு மேலே பற்றவைக்கும் பயிற்சியைக் கூடுதலாகச் செய்யுங்கள், கப்பலுக்குள் பாதி வேலை அப்படித்தான். மொரப்பூர் வழியாகப் போகும் ரயில் பாதை ஒரு பக்கம் சென்னைக்கும் மறு பக்கம் கொச்சிக்கும் போகிறது. இரண்டு பக்கமும் கப்பல் கட்டுகிறார்கள். விண்ணப்பத்தை இரண்டுக்கும் போடுங்கள்.