சோறு போட்டவர் பெயரையும் எழுதுங்க

சேலம்–கோவை சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விஜயமங்கலம் என்றால் சுங்கச்சாவடி. காசு கட்டாமல் அங்கே ஒரு சக்கரம் நகராது. கொங்கு நாட்டில் தமிழ்ப் புலமையும் அப்படித்தான் நகர்ந்தது. எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுற்றுவட்டாரம் இரண்டு மகாவித்துவான்களைச் சொந்தம் கொண்டாடியது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெரிய மனுசர் செலவு பார்த்தார். இரண்டு பேர் வேலையும் நம் கைக்கு முழுசாக வந்து சேரவில்லை.

முதல் ஆள் பவணந்தி முனிவர், சமணர். அவர் ஊர் சனகை என்கிறது அவர் எழுதிய நன்னூலின் பாயிரம். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அது என்பது நம்மூர்க் கட்சி. சீயகங்கன் என்ற சிற்றரசன் அவரைக் கூப்பிட்டு, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்துக்கும் இலக்கணம் எழுதித் தரச் சொன்னான். இன்று கையில் இருப்பது எழுத்தும் சொல்லும் மட்டுந்தான். ஐந்து மாடிக்குப் பேசி இரண்டு மாடியில் நிறுத்துகிற கான்ட்ராக்டர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டலாம். மற்ற மூன்றும் தொலைந்தனவா, எழுதவே இல்லையா என்று புலவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

எழுதின வரைக்கும் கணக்குச் சுத்தம். பாயிரத்தில் முனிவர் வாத்தியார்களையும் பிள்ளைகளையும் தரம் பிரித்த அழகு இருக்கிறதே! கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று பட்டம். ஆடு எதையும் உருப்படியாக மேயாது. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். பட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்த மனுசர் என்பது தெரிகிறது. வாத்தியார்களையும் விடவில்லை. மட்டமான வாத்தியாருக்குப் பஞ்சு அடைத்த குடுக்கை என்று பெயர். அடைப்பதும் பாடு, பிடுங்குவதும் பாடு. கோயமுத்தூருக்கு முதல் பஞ்சாலை வந்தது 1888-ல்; அதற்கு அறுநூறு வருஷம் முன்பே நம்மாள் பஞ்சை வைத்து வாத்தியார்களை அடித்துவிட்டார்.

இரண்டாவது ஆள் அடியார்க்கு நல்லார். ஊர் நிரம்பை, அதுவும் விஜயமங்கலத்துப் பக்கம் என்பார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதினவர். இவருக்குப் படியளந்தவர் பொப்பண்ண காங்கேயன். இது நமக்கு எப்படித் தெரியும்? உரையோடு ஒட்டி வருகிற பழைய பாட்டு ஒன்று உண்மையைப் போட்டு உடைக்கிறது. இந்த உரை காற்றைப் பிடித்துக் குடத்தில் அடைக்கிற மாதிரியான காரியமாம். அதைச் செய்ய வைத்தது காங்கேயன் போட்ட சோற்றின் செருக்காம். கலைமகள் அருள், முன்னோர் புண்ணியம் என்ற வழக்கமான பேச்சே கிடையாது. சோற்றுத் திமிர், அவ்வளவுதான்.

என்ன சோறு என்று பாட்டு சொல்லவில்லை. அரிசிம்பருப்புச் சாதம் என்று வைத்துக்கொண்டாலும் மிளகாய் இந்தியாவுக்கே வராத காலம். மிளகைத் தட்டித்தான் போட்டிருப்பார்கள். நெய்க்குக் குறைவிருந்திருக்காது. அரங்கேற்று காதை உரையைப் படித்தாலே தெரியும். ஆட்டம், பாட்டு, யாழ், குழல் என்று மனுசர் விட்ட இடமில்லை. எந்தெந்த நூலைப் பார்த்து எழுதினேன் என்று இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு எனப் பட்டியலும் கொடுத்தார். பஞ்சமரபு பிற்காலத்தில் சுவடியாக அகப்பட, 1970-களில் அதை அச்சேற்றியவரும் கொங்கு வித்துவான்தான், வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர்.

ஆனால் கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லை. வஞ்சிக் காண்டத்துக்கும் இல்லை. செல் அரித்ததோ, காங்கேயன் வீட்டில் உலை இறங்கியதோ, யார் கண்டது? இருந்த வரைக்கும் உ.வே.சா. தேடிப் பிடித்து 1892-ல் பதிப்பித்தார்.

சோற்றுக்காகப் பாடுவதா என்று முகம் சுளிக்கிறவர்களுக்காக ஒரு வெளியூர்ச் சங்கதி. ஏறக்குறைய அதே காலத்தில், 1176-ல், வேல்ஸ் நாட்டில் ரீஸ் பிரபு கார்டிகன் கோட்டையில் புலவர்களுக்கும் பாடகர்களுக்கும் போட்டி வைத்தார். ஜெயித்தவர்களுக்குப் பரிசு நாற்காலி. அதுவும் பிரபுவின் சாப்பாட்டு மேசையில் என்பார்கள். வேல்ஸ்காரர்களுக்கு இன்றைக்கும் கவிஞனுக்கு நாற்காலி கொடுப்பது பெரிய விழா. அந்த நாற்காலிக்கு எதிரே முதலில் தட்டு இருந்ததை மறந்துவிட்டார்கள்.

நம்மூரில் கொடுத்தவர்கள் கதை இன்னும் வில்லங்கம். சம்பந்தச் சர்க்கரை மன்றாடியார் வரிப் பாக்கிக்காகச் சங்ககிரிக் கோட்டையில் சிறையிருந்தாராம். அங்கேயும் ஒரு புலவர் போய்ப் பாடிவிட்டுப் பரிசுக்கு நின்றாராம். கடன்பட்டுக் கம்பி எண்ணுகிறவரிடம் கை நீட்ட என்ன ஒரு நெஞ்சழுத்தம்! மன்றாடியார் வீட்டுக்குச் சொல்லியனுப்ப, அந்த அம்மாள் தாலியையே கழற்றிக் கொடுத்தாள் என்று முடிகிறது கதை. பாராட்டு மன்றாடியாருக்கு, பரிசு புலவருக்கு, நஷ்டம் அம்மாளுக்கு. அந்த அம்மாள் பெயரை மட்டும் ஒருத்தரும் சொல்லக் காணோம்.

பிறகு ஒருவர் வந்து இந்தக் கணக்கையே மாற்றினார். திருப்பூர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளை தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். கலியாணம் வேண்டாம் என்றார். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயம் நடத்தினார். 1946-ல் சென்னை மாகாணத்துக் கல்வி அமைச்சரானார். அமைச்சரானதும் தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கித் தமிழில் கலைக்களஞ்சியம் போடலாம் என்றார். தலைமைப் பதிப்பாசிரியர் வேலைக்குத் தன் பள்ளிக்கூடத்து வாத்தியாரையே பிடித்தார். அவர்தான் மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன்.

தூரன் லேசுப்பட்டவரில்லை. படிக்கும்போதே 'பித்தன்' என்று பத்திரிகை நடத்தினவர். 1931-ல் பகத்சிங்கைத் தூக்கிலிட்டதும் பி.ஏ. பரீட்சை எழுத மாட்டேன் என்று வந்துவிட்டவர். சுத்தசாவேரியிலும் துவிஜாவந்தியிலும் கீர்த்தனை செய்வார். மறுநாள் காட்டுக்குள் நாட்டுப்பாட்டுக் கேட்டுத் திரிவார். இப்படிப்பட்டவரை உட்கார வைத்து அகர வரிசையில் உலகத்தை அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினார்! 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். அதோடு விட்டாரா? குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்து. அது முடிந்தது 1976-ல். ஒரு பரீட்சையை எழுதாதவர் ஊருக்கே விடை எழுதிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் அவினாசிலிங்கத்தின் அமைச்சர் பதவி 1949-லேயே போய்விட்டது. முதல் தொகுதி வரும்போது அவர் நாற்காலியில் இல்லை. வேலை நிற்கவும் இல்லை. காரணம், அவர் தூரனைத் தன் வீட்டுப் பந்தியில் உட்கார வைக்காமல் ஒரு கழகத்தின் கணக்கில் உட்கார வைத்ததுதான். சீயகங்கனுக்கும் காங்கேயனுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியாமல் போயிற்று. தனி மனுசன் போய்விட்டால் அவன் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். கமிட்டி அப்படியில்லீங்க: தலைவரே மாறினாலும் அடுத்த மீட்டிங்குக்குத் தேதி குறித்து, காபிக்குச் சொல்லிவிட்டுத்தான் கலையும்.